ஈரம் பட்டால் காணாமல் போகும் தாள்

எம்பிராய்டரி என்றால் ஊசியும் நூலும் சேர்ந்து செய்யும் வேலை என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இது பிழை. சாதாரணப் பிழை அல்ல. பூமி தட்டை என்று நம்பியதற்கு அடுத்த இடத்தில் வைக்கத் தக்க பிழை. ஊசி குத்துகிறது, நூல் மினுக்குகிறது, இரண்டும் பெயரைத் தட்டிக்கொண்டு போகின்றன. உண்மையில் பாடுபடுவது துணிக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஒரு தாள். மெஷின் நிமிடத்துக்கு அறுநூறு குத்து குத்தும்போது துணி சுருங்காமல், பூ கோணாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். ஸ்டெபிலைசர் என்று அதற்குப் பெயர். அது இல்லாவிட்டால் ரோஜா முட்டைக்கோஸ் ஆகிவிடும்.

இந்தப் பேருண்மையை நம் நூலகர் தமது அறுபத்தோராம் வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அறிந்துகொண்டார். அறிந்த விதம்தான் கொஞ்சம் பிசுபிசுப்பானது.

முப்பத்திரண்டு வருடம் நூல்களை அடுக்கிவிட்டு, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர் அவர். மறுவாரமே கை துறுதுறுத்தது. வீட்டில் அடுக்குவதற்கு மனைவியின் நூல்கள் இருந்தன. நூற்றுப் பதினெட்டு நூல்கண்டுகள். அவள் வெளியே போயிருந்த ஒரு பகலில் அவற்றை நிறங்களின் பெயர்ப்படி அகர வரிசையில் அடுக்கினார். அரக்கு, ஆரஞ்சு, இளநீலம் என்று போயிற்று. ‘மயில் கழுத்து’ என்பதை மயிலில் வைப்பதா கழுத்தில் வைப்பதா என்று மட்டும் ஒரு மணி நேரம் யோசித்தார்.

மனைவி வந்தாள். பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஏங்க, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இன்னொரு தடவை என் சாமான்ல உங்க கை பட்டுச்சுன்னா, மெஷினைத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அங்க ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. காலைல போய் வேலையை முடிச்சுட்டுச் சாயங்காலம் வருவேன்.”

“சும்மா மிரட்டாதே.”

“அக்கா ரூமைப் பெருக்கியே வச்சுட்டா.”

நூலகர் மிரட்டலை நம்பிவிட்டார். அக்கா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் விஷயம் தூரம் அல்ல. அந்த மெஷின் சத்தத்தை அவர் வாய் ஓயாமல் குறை சொல்வார். ரயில் பெட்டிக்குள் படிப்பது போல இருக்கிறது என்பார். உள்ளுக்குள் கதையே வேறு. அதே அறையில்தான் அவர் படிப்பார். மெஷின் நின்றால் அவருக்கு வரி தவறிவிடும். நிமிர்ந்து பார்ப்பார், அவள் நூல் மாற்றிக்கொண்டிருப்பாள். மறுபடி ஓடத் தொடங்கியதும் விட்ட வரி தானாகக் கிடைத்துவிடும். பகலெல்லாம் அந்தச் சத்தம் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை அவளிடமே சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் இப்படிப்பட்டதையெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை.

ஆகவே ஒரு வருடம் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவள் மேஜையை அவர் தொடவில்லை. மேஜைக்குக் கீழே இருந்த கூடையைத்தான் தொட்டார். அதில் கண்ணாடி போல ஒரு தாள் சுருட்டிக் கிடந்தது. புத்தகங்களுக்கு ஆயுள் முழுக்க அட்டை போட்டவர். அப்படி ஒரு தாளைக் கண்டபிறகு சும்மா இருப்பது அவர் உடம்புக்கு ஆகாது. அவருடைய பெரிய அகராதி வெகுநாளாகச் சட்டையில்லாமல் இருந்தது. அளந்தார், வெட்டினார், மூலைகளை மடித்து ஒட்டினார். தாள் அளவெடுத்தது போலச் சரியாக இருந்தது. அதாவது மிச்சம் இல்லை. பிறகு, அட்டை போட்ட ஒவ்வொரு புத்தகத்துக்கும் செய்வதுபோல, ஈரத் துணியால் அழுத்தி ஒரு துடைப்பு.

முதலில் அகராதிக்கு வியர்த்தது. பிறகு வழவழத்தது. பிறகு அகராதியும் அவருடைய உள்ளங்கையும் ஒரே பொருள் ஆயின. பதறிப்போய் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார். சில நிமிடங்களில் அட்டை இருந்ததற்கு அடையாளமாகப் பசை மட்டும் மிஞ்சியது.

மனைவி காய் வாங்கப் போயிருந்தாள். கையைத் தேய்த்துக் கழுவும்போது, அந்தத் தாளைப் பற்றி அவள் போன வாரம் விரிவாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னபோது அவர் படித்துக்கொண்டே “ம்” என்றிருந்தார். அதனால் நான்கு சொற்கள்தான் மண்டையில் தங்கியிருந்தன: தாள், காலர், பாட்டு டீச்சர், வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அவள் கூடையைத் திறப்பாள். அதற்குள் அதே தாள் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் அக்கா வீட்டில்.

அகராதியைப் பரண்மேல் ஒளித்துவிட்டு, மனைவி வழக்கமாக வாங்கும் தையல் சாமான் கடைக்கு ஓடினார்.

கழுத்தில் அளவு நாடா தொங்க நின்ற கடைக்காரம்மா, “என்ன வேணும் சார்?” என்றார்.

“ஒரு தாள். கண்ணாடி மாதிரி இருக்கும். ஈரம் பட்டா காணாமப் போயிடும்.”

“காணாமப் போகும்னு எப்படித் தெரியும்?”

“கேள்விப்பட்டேன்.”

கடைக்காரம்மா அவருடைய உள்ளங்கையைப் பார்த்தார். அகராதியின் பச்சைச் சாயம் அதில் இன்னும் இருந்தது.

“ஸ்டெபிலைசர்ல நாலு வகை சார். வெட்டுறது, கிழிக்கிறது, ஒட்டுறது, கரையிறது. நீங்க சொல்றது கரையிறது. எதுக்கு?”

“காலருக்கு.”

“சட்டைக் காலர்னா துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையத்துல மாட்ட வராது. ஒட்டுறதுதான் வைக்கணும்.”

“இல்லை, கரையணும்.”

“எதுக்குக் கரையணும்?”

நூலகர் தம்மிடம் இருந்த நான்கு சொற்களையும் மனதில் புரட்டிப் பார்த்தார்.

“கரையிறதுலயே மெல்லிசு இருக்கு, கனம் இருக்கு. குளிக்கிற துண்டுல பூப் போட்டா நூல் உள்ள அமுங்கிடாம மேல விரிக்கிறது மெல்லிசு. உங்களுக்கு எது? வீட்ல கேட்டுட்டு வாங்க.”

வீட்டில் கேட்பதா? திருடப் போன வீட்டிலேயே சாவி கேட்பது போலத்தான். ஆனால் வேறு வழி இல்லை. மாலையில் காபியோடு மெதுவாக ஆரம்பித்தார்.

“ஏம்மா, சும்மா பொது அறிவுக்குக் கேக்கறேன். அந்தப் பாட்டு டீச்சர் காலர் எந்தத் துணியில?”

“துணியே இல்லைங்க.”

“துணி இல்லாம காலரா?”

“லேஸ் காலர். வெறும் நூல்தான். தாள் மேல நூலைப் பின்னிப் பின்னிப் போட்டுட்டு, தண்ணில நனைச்சா தாள் கரைஞ்சுடும். நூல் மட்டும் நிக்கும்.”

“எதைப் பிடிச்சுகிட்டு நிக்கும்?”

“ஒண்ணை ஒண்ணு பிடிச்சுகிட்டு.”

அவர் காபியில் இரண்டாம் தடவை சர்க்கரை போட்டார்.

“ஏன் கேக்கறீங்க?”

“சொன்னேனே, பொது அறிவு.”

“உங்களுக்கா?” என்றாள் அவள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

புதன்கிழமை கடைக்குள் நுழையும்போதே, “லேசுக்கு. கனமானது,” என்றார் நூலகர், பரீட்சையில் விடை எழுதியவர் போல.

“ஒரு மடிப்பா, ரெண்டு மடிப்பா?” என்றார் கடைக்காரம்மா. “வளையம் எத்தனை அங்குலம்? நூல் பருத்தியா, பட்டு மாதிரி மினுக்குறதா? கேட்டுட்டு வந்துடுங்க சார். தப்பா வாங்கிட்டுப் போனா லேஸ் ஓரம் அவுந்துடும்.”

திரும்பி வந்தார். மனைவி மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்த வளையம் எத்தனை அகலம்?”

“இதோ இருக்கே, அளந்து பாத்துக்குங்க.”

“உன் சாமான்ல நான் கை வைக்க மாட்டேன்.”

“ஆமால்ல, மறந்துட்டேன்,” என்று அவளே வளையத்தைத் தூக்கிப் பிடித்தாள். அவர் கொலைத் தடயத்தை அளப்பவர் போல விரல் படாமல் அளந்தார். மடிப்பு பற்றிக் கேட்டார். நூல் பற்றிக் கேட்டார். நூலைப் பற்றிக் கேட்டது ஊசியில் கொண்டுபோய் விட்டது. ஊசி துணிக்குக் கொண்டுபோனது. அவள் அவருடைய பழைய பனியனை எடுத்து வந்து இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினாள்.

“பாத்தீங்களா, இது இழுபடுற துணி. இதுக்குக் கிழிக்கிற தாள் வச்சா வேலை முடிஞ்சதும் கிழிச்சு எடுத்துடுவோம். அப்புறம் துணியைத் தாங்க அடியில ஆளே இல்லை. ரெண்டு தடவை துவைச்சா பூ சுருண்டுடும். வெட்டுற தாள்னா ஓரத்தை மட்டும் வெட்டிட்டு, பூவுக்கு அடியில இருக்கறதை விட்டுடலாம்.”

“எத்தனை நாளைக்கு?”

“துணி இருக்கற வரைக்கும்.”

“உறுத்தாதா?”

“கொஞ்சம் உறுத்தும்தான்,” என்றாள் அவள், அவரைப் பார்த்துக்கொண்டே. “பழகிடும்.”

அவர் அன்று புத்தகத்தைத் தொடவில்லை. எதற்காகக் கேட்க ஆரம்பித்தோம் என்பதுகூட இடையில் ஒரு மணி நேரம் மறந்துபோயிற்று. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை கடையில் அவருக்கு முன்னால் ஒரு இளம்பெண் டி-ஷர்ட்டோடு நின்றிருந்தாள். அதில் ஒரு பூனை இருந்தது. துவைத்ததில் பூனைக்கு வாதம் வந்தது போல ஒரு பக்கம் இழுத்திருந்தது. கடைக்காரம்மா வாயைத் திறப்பதற்குள் நூலகர் முந்திக்கொண்டார்.

“ஏம்மா, அடியில என்ன வச்சே?”

“கிழிக்கிறது சார்.”

“அதான். பனியன் துணிக்கு அதை வைக்கலாமா? கிழிச்சு எடுத்துட்டா அப்புறம் பூனைக்கு யாரு துணை? வெட்டுறது வை. துணி இருக்கற வரைக்கும் கூடவே இருக்கும். கொஞ்சம் உறுத்தும், பழகிடும்.”

பிறகு நான்கு வகைகளையும் அவற்றின் உட்பிரிவுகளையும், எது எதோடு சேரும், எது சேராது என்பதையும் கால் மணி நேரம் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். கடைக்காரம்மா மேஜையில் முழங்கையை ஊன்றிக் கேட்டார். முடிந்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் கனமான கரையும் தாளை அளந்து சுருட்டிக் கொடுத்தார். அன்று மாலையே அது கூடைக்குள் போயிற்று. நூலகர் நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி கூடையைத் திறந்தாள். தாளை எடுத்து விரலால் தேய்த்தாள்.

“இது புதுசு.”

“எது?”

“உக்காருங்க,” என்றாள். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தார். “கடைக்காரம்மா செவ்வாய்க்கிழமையே போன் பண்ணிட்டாங்க. நீங்க கடைப் படி இறங்கறதுக்குள்ள. உங்க வீட்டுக்காரர் கையெல்லாம் பச்சையா வந்து நிக்கறாரு, என்ன பண்ணட்டும்னு கேட்டாங்க. உடனே குடுத்துடாதீங்க, ஒவ்வொண்ணா கேட்டு அனுப்புங்கன்னு நான்தான் சொன்னேன்.”

“அப்போ காலர்? தாள் கிடைக்காமப் போயிருந்தா?”

“பீரோவில ஒரு முழு ரோல் இருக்கு.”

“மூணு நாள் அலைய விட்டியே, ஏன்?”

அவள் தாளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். “இந்த மெஷின் வந்து மூணு வருஷம் ஆச்சு. இது என்ன, இதுல என்ன பண்றேன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை நீங்க. செவ்வாய்க்கிழமைலேருந்து நாப்பத்தோரு கேள்வி. நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரலை.”

நூலகர் தொண்டையைச் செருமினார். “அப்போ உங்க அக்கா வீடு...”

“நான் எதுக்குப் போகணும்?”

“இல்லை, மெஷின் நின்னா எனக்கு வரி தவறிடுது,” என்றார் அவர். வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

“தெரியும். நூல் மாத்தும்போதெல்லாம் நிமிந்து பாக்கறீங்களே. சில நாள் வேணும்னே நிறுத்துவேன்.”

உலகத்தில் இனி ஒரு குறையும் இல்லை என்று நூலகருக்குத் தோன்றியது. அனுபவம் இல்லாதவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். முப்பத்தைந்து வருடம் போதவில்லை.

“ஆனா பேச்சுன்னா பேச்சுதான்,” என்றாள் மனைவி. “என் சாமான்ல கை பட்டிருக்கு. யாராவது ஒருத்தர் வெளிய போய்த்தான் ஆகணும்.”

“யாரு?”

“கடைக்காரம்மாவுக்குச் செவ்வாயும் வியாழனும் கூட்டம் தாங்கலையாம். தாளைப் பத்தி விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேணுமாம். நேத்து நீங்க பூனைக்காரப் பொண்ணுக்குச் சொன்னதைக் கேட்டு அசந்து போயிட்டாங்க. காலைல பத்துலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும்.”

“நீ என்ன சொன்னே?”

“யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்.”

“நல்லவேளை.”

“யோசிச்சுட்டேன்,” என்று மெஷினை ஓட விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நூலகரின் செருப்பு துடைக்கப்பட்டு, தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.