மாப்பிள்ளை அனுப்பிய பொடியும் ஏறாத கொழுப்பும்

அன்புள்ள கால்நடை டாக்டர் மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம், உங்கள் அத்தை நலம், பசு எங்கள் இருவரையும் விட நலம். கோபத்தில் எழுதினாலும் முறை தவறக் கூடாது என்பதால் உங்கள் நலமும் என் மகள் நலமும் அறிய ஆவல்.

நம் பாலில் கொழுப்பு குறைகிறது என்று பால் சொசைட்டிக்காரர் சொன்னதும், தீவனத்தில் கலக்க ஈஸ்ட் பொடி அனுப்பினீர்கள். பசுவுக்குச் செரிமானம் சீராகும், கொழுப்பு தன்னால் ஏறும் என்று போனில் சொன்னதை நம்பினேன். முதல் நாள் தவிட்டின் மேல் தூவினேன். பசு மோந்து பார்த்து ஒரு மூச்சு விட்டது. பொடி முழுக்க என் மூஞ்சியில். மறுநாள் தண்ணீரில் கரைத்தால் வாளியையே முட்டித் தள்ளிவிட்டது. வெல்லப்பாகில் பிசைந்து உருண்டை பிடித்தால் பாகை மட்டும் நக்கிவிட்டு உருண்டையைத் துப்பியது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் அத்தை, "அதுக்கு உங்க மேல நம்பிக்கை இல்ல. முன்னாடி நின்னு ஒரு வாய் தின்னு காட்டுங்க"ன்னா. தின்னேன் மாப்பிள்ளை. அது என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, அப்புறம்தான் வாயை வெச்சுது. அன்றிலிருந்து தினமும் நான் தின்றால்தான் அதுவும் தின்கிறது. தொட்டிக்குள் தலையை விட்டு நான் மெல்லுவதை எதிர்வீட்டு டெய்லர் பார்த்துவிட்டு, வீட்டில் சாப்பாட்டுக்கு ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தார். எனக்குச் செரிமானம் பிரமாதம். பாலில்தான் கொழுப்பு ஏறவே இல்லை.

இன்று சொசைட்டிக்காரர் நாலு பேர் முன்னாடி, "தண்ணி கிண்ணி கலக்குறீங்களா?"ன்னு கேட்டுட்டார். கூனிக் குறுகிப் போனேன். இப்படியே இருந்தால் அடுத்த வாரம் நம் பாலை எடுக்க மாட்டார்களாம். மனசு கேட்கவில்லை, ஆனாலும் பசுவை விற்றுவிடலாம் என்று தரகரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். இதற்கெல்லாம் உங்கள் பொடியும் உங்கள் படிப்பும்தான் பொறுப்பு.

கோபம் பொடியோடு சரி. ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை. தம்பதிகள் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: கடிதத்தை ஒட்டச் சொல்லி உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். தரகர் வருகிறார் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டாள். சாயங்காலப் பாலை ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே படியும் பாலேட்டை வழித்து எடுத்த பிறகுதான் காலையில் சொசைட்டி கேனில் ஊற்றுகிறாளாம். ஏண்டி இப்படிப் பண்ணே என்றால், "மாப்பிள்ளைக்கு வெண்ணெய்னா உசுரு"ங்கறா. வாராவாரம் உங்கள் வீட்டுக்கு வந்து இறங்கும் டப்பா அதுதான். தரகரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டப்பாவை நிறுத்தவும் அவள் சம்மதிக்கவில்லை. ஆகவே, பாலில் இருக்கும் கொழுப்பு எங்கே போகிறது என்று சொசைட்டியில் நீங்களே ஒரு நடை வந்து சொல்லிவிடுங்கள். டாக்டர் சொன்னால் நம்புவார்கள்.