நானூற்றுப் பன்னிரண்டு வரகுக்கோழி

பானைக்குள் வேர்க்கடலைத் தோல் மட்டும்தான் இருந்தது. கோதண்டபாணி வாத்தியாருக்கு உச்சந்தலை சூடேறியது.

"ஏம்மா குப்பம்மா, வரகுக்கோழியைப் பாக்கும்போதெல்லாம் பானையில ஒரு மல்லாட்டை போடச் சொன்னேனா, இல்லையா?"

"போட்டோங்க. களை எடுக்கிறவளுக்குப் பசிக்காதா? அப்புறமா எடுத்துத் துன்னுட்டோம்."

ஒலக்கூர்ப் பக்கத்து வரகுக் கொல்லைகளில் எத்தனை வரகுக்கோழி இருக்கிறது என்று சென்னையில் ஒரு பறவைச் சங்கம் 1936 ஆவணியில் வாத்தியாரிடம் கேட்டிருந்தது. அந்தப் பறவை லேசில் கண்ணில் படாது. பயிருக்குள்ளேயே பதுங்கித் திரியும். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு அவர் கொல்லையில் உட்கார முடியுமா? அதனால்தான் களையெடுக்கும் பெண்களை நம்பினார். சரியாக எண்ணிக் கொடுத்தால் சங்கத்தின் பத்திரிகையில் அவர் பெயர் அச்சில் வரும். இருபது வருஷமாக அ, ஆ சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவருக்கு அது சின்ன விஷயமா?

வேறு வழியில்லாமல் 'ஒன்றுமில்லை' என்று எழுதிப் போட்டார். 'உங்கள் ஊரில் யாருக்கும் கண் இல்லையா?' என்று பதில் வந்தது. என்ன திமிர்!

இந்தத் தடவை மல்லாட்டை இல்லை, புளியங்கொட்டை. யார் பல்லை உடைத்துக்கொள்வார்கள்? எட்டாம் நாள் பானை கனத்தது. கொட்டி எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு!

"நிஜமாவா?"

"பாத்ததுக்குத்தான் போட்டோம்" என்றாள் குப்பம்மாள். பக்கத்தில் அவள் புருஷன் தாண்டவராயன் வாயே திறக்காமல் நின்றார்.

வாத்தியார் தலைகால் புரியாத சந்தோஷத்தில் அந்தக் கணக்கைத் தபாலில் சேர்த்தார். பெயர் அச்சில் வந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது: பறவை இவ்வளவு ஏராளமாக இருப்பதால், அங்கத்தினர் நால்வர் ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியுடன் வேட்டைக்கு வருகிறார்கள்.

"எண்ணச் சொன்னது சுடறதுக்கா? அடப் பாவிகளா!"

கொல்லைக்கு ஓடினார். வரகுக்கு மேலே ஒரு வரகுக்கோழிச் சேவல் எகிறிக் குதித்து மறைந்தது. குப்பம்மாள் ஒரு கொட்டையைப் பானையில் போட்டாள். அதே இடத்தில் மறுபடி குதித்தது. மறுபடி ஒரு கொட்டை.

"ஐயையோ, இதுவும் அதே சேவல்தானே!"

"ஆமாங்க. பாக்கும்போதெல்லாம் போடச் சொன்னது நீங்கதானே?"

வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே திண்டிவனம் போய்த் தந்தி அடித்தார்: 'எண்ணிக்கை தப்பு. இருப்பது ஒன்றே.' நானூறு எப்படித் திடீரென்று ஒன்றாகும்? வேறு யாருக்கோ ஒளித்துவைக்கிறார் என்று சங்கம் முடிவு கட்டியது. நால்வர் எட்டுப் பேரானார்கள், ஞாயிறு வெள்ளியானது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து எட்டுப் பேரும் வரகை மிதித்துத் துவைத்தார்கள். ஒரு இறகுகூட அகப்படவில்லை. குதித்துக்கொண்டிருந்த அந்தச் சேவலையும் காணோம்.

"நானூறும் பொய், ஒன்றும் பொய்!" என்று சங்கத்துக் காரியதரிசி ஊர் நடுவில் நின்று கத்தினார். "இனி உம்மிடமிருந்து கார்டு வந்தால் படிக்காமல் கிழித்துப் போடுவோம்!"

அவர்கள் ரயிலேறிப் போனதும் வாத்தியார் நேரே குப்பம்மாள் வீட்டுக்கு ஓடினார். அவமானத்தில் கண் கலங்கியது.

"என் மானமே போச்சு! ஒரு கோழிக்கும் நானூறு கோழிக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாதா குப்பம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க, நானூறும் இல்லீங்க. பதினொண்ணு. நேத்து சாயங்காலமே மெதுவா நடந்துக்கினே, ஏரிக்கு அந்தாண்ட கேப்பைக் கொல்லைக்கு ஓட்டிக்கினு போயிட்டோம்."

"இவ்வளவு சரியா எண்ணத் தெரிஞ்சவங்க, என்னை ஏன் பொய்யனாக்கினீங்க?"

அப்போதுதான் தாண்டவராயன் வாயைத் திறந்தார்.

"எண்ணச் சொல்றதே சுடறதுக்குத்தான்னு எங்களுக்கு அப்பவே தெரியும். பதினொண்ணுன்னு எழுதியிருந்தா வருசா வருசம் துப்பாக்கியோட வந்துக்கினே இருப்பாங்க வாத்தியாரே, இனிமே நீங்க நெசத்தையே எழுதினாலும் ஒருத்தனும் நம்பமாட்டான்."