மீதி இல்லாத எண்

கணிதத்தின் வரலாற்றை இனி இரண்டு பாகமாகத்தான் எழுத வேண்டும்: எங்கள் கம்பெனிக்கு முன், எங்கள் கம்பெனிக்குப் பின். அந்த மாபெரும் திருப்பம் 2002-இல் புனே விமான் நகரில், எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் நிகழ்ந்தது. தர மேம்பாட்டுப் பிரிவின் துணை மேலாளர் என்ற முறையில் நானும் பக்கத்தில் இருந்தேன்.

ஒரு கூட்டுறவு வங்கியின் கணக்குகளைப் பூட்டித் திறக்கும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அந்தப் பூட்டுக்கு ஒரு பெரிய பகா எண் வேண்டும். அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனால் வகுத்தாலும் மீதி வருகிற எண். கோயம்புத்தூர் கிருஷ்ணப்ரியா முந்நூறு இலக்கங்களில் அப்படியொன்றைக் கண்டெடுத்தார். மாதக் கடைசியில் அவர் வேலை நிரந்தரமாக வேண்டும். அதை நம்பி சிஞ்ச்வட்டில் வீடு பிடித்துப் பெற்றோரையும் வரவழைத்துவிட்டார்.

எண்ணை 'ஆய்வு' செய்யக் கூட்டம் கூடியது. எங்கள் தலைவர் ஹரிபிரசாத், முன்பு உதிரிபாகத் தொழிற்சாலையில் கழிவே இல்லாத உற்பத்திக்காகக் கோப்பை வாங்கியவர்.

"ரெண்டால வகுத்தா?"

"மீதி ஒண்ணு வருதுங்க சார்."

"மூணால?"

"மீதி ரெண்டுங்க."

"அஞ்சால?"

"அதுலயும் ரெண்டுங்க சார்."

"அரே பாபா! எதுல போட்டாலும் ஸ்க்ராப்! எங்க ஃபேக்டரில இவ்ளோ மீதி விட்டா ஷிஃப்ட் இன்சார்ஜை அன்னிக்கே மாத்திருவோம்."

"மீதி வந்தாத்தானுங்க சார் அது பகா எண்."

"அதெல்லாம் உன் வசதிக்குச் சொல்றே."

என்ன ஆழமான பார்வை! எனக்கு மெய்சிலிர்த்தது. உடனே 'மீதி ஒழிப்பு இயக்கம்' தொடங்கினோம். இன்னொரு பொறியாளர் தினேஷ் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கினார். இரண்டு, ஐந்து, பத்து, எதனால் வகுத்தாலும் மீதி இல்லை! பழைய எண்ணைக் கழிவு என்று அழித்தோம். பாகர்வடி சாப்பிட்டுக் கை தட்டினோம்.

கிருஷ்ணப்ரியா மட்டும் தட்டவில்லை. "பூட்டும், ஆனா திறக்காதுங்க சார்" என்றார். 'குழு உணர்வு' போதாது என்று மாதக் கடைசியில் அவரை வீட்டுக்கு அனுப்பினோம்.

திங்கட்கிழமை வங்கிக் கணக்குகள் மிகச் சிறப்பாகப் பூட்டிக்கொண்டன. திறக்கவில்லை. போபோடிக் கிளையில் ஓய்வூதியக்காரர்களின் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஹரிபிரசாத்தே கிருஷ்ணப்ரியாவுக்குப் போன் செய்தார்.

"அந்தக் கடைசி நம்பர் என்னம்மா?"

"ஏழுங்க சார்... என் வேலைங்க சார்?"

"அதுக்குத்தான் விசாரணைக் கமிட்டி போட்டிருக்கேன்."

பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஏழு போட்டதும் பூட்டு திறந்தது. ஹரிபிரசாத் தலைமையில் கமிட்டியும் கூடி, பாரபட்சமின்றித் தீர்ப்பளித்தது: கோளாறான எண்ணின் முந்நூறு இலக்கங்களில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கிருஷ்ணப்ரியாவுடையவை. ஆகவே பொறுப்பு அவருடையதே, மறுபடி சேர்ப்பதற்கில்லை. நிர்வாகம் தன் முழு அறிவையும் செலுத்தி அதில் சேர்த்தது ஒரே ஒரு பூஜ்யம்தான்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். தீர்ப்பின் அந்தக் கடைசி வரியில் மட்டும் பொய்யே இல்லை.