கறுப்பு வேட்டியும் கோழிக்கறியும்

பெண் வீட்டார் பார்க்க வரும் நாளில் மாப்பிள்ளைக்குக் கொள்கை இருக்கக் கூடாது. சுத்தமான வேட்டி ஒன்று இருந்தால் போதும். என்னிடம் கொள்கை மட்டும்தான் இருந்தது.

ஹட்டனில் நடந்த இயற்கைச் சாயப் பயிற்சிக்குப் போய்வந்த புதிது. கடைச் சாயம் ஓடையைக் கெடுக்கிறது, மண்ணைக் கெடுக்கிறது என்று கண்டவரையெல்லாம் பிடித்து வைத்துப் பேசுவேன். (வட்டகொடையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டு ஆட்கள் என்னைக் கண்டால் சுற்றுப் பாதையில் போவார்கள்.) வட்டவளையில் எனக்குப் பேசியிருந்த சுதாவிடமும் ஃபோனில், "ஒங்க வீட்டு ஆளுங்க வர்ற அன்னைக்கு தேயிலைச் சாயம் போட்ட வேட்டியிலதான் நிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சுதாவை ரொம்பப் பிடித்திருந்தது. சொன்னதை மாற்றினால் மதிக்க மாட்டாள் என்று பயம்.

முந்தின நாள், ஃபெக்டரியில் கழித்த தேயிலைத் தூளை வெந்நீர்ப் பீப்பாயில் கொதிக்க வைத்து, வெள்ளை வேட்டி சட்டையை அமுக்கினேன். அது துருப்பிடித்த இரும்புப் பீப்பாய். தேயிலையும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துவிடும் என்று பயிற்சியில் சொன்னார்களாம். அந்த நேரம் நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

எதிர்பார்த்தது தேன் நிறம். காலையில் கொடியில் தொங்கியது கன்னங்கரேல் என்று இருந்தது.

"பேசாம களிசானப் போடுடா" என்று நீளக் கால்சட்டையை எடுத்து நீட்டினார் அம்மா.

"சொன்னா சொன்னதுதாம்மா."

அது கார்த்திகை மாதம். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் கறுப்பில் திரியும் காலம். போதாததற்கு நான் ஸ்டைலுக்காகத் தாடி வேறு வைத்திருந்தேன்.

சுதாவின் அப்பா பல முறை சபரிமலைக்குப் போனவர். முழங்கால் வலியால் அந்த வருடம்தான் மாலை போடவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும், "சாமியே சரணம்!" என்று சடாரென்று என் காலில் விழுந்தார். நான் பதறிப்போய் அவர் காலில் விழுந்தேன். அம்மாதான் இருவரையும் தூக்கிவிட்டார்.

"விரதத்துல இருக்கிறப்ப கல்யாணப் பேச்சு ஆகாதுங்க சாமி. தலவாக்கலையிலயும் ஒரு எடம் கேக்குறாங்க, அதையும் பார்த்துட்டு..." என்றவர் நிறுத்தி, மூக்கை உறிஞ்சினார். குசினியிலிருந்து கோழிக்கறி மணம் வந்துகொண்டிருந்தது.

"மால போட்ட வீட்டுல கோழிக்கறியா?" என்று செருப்பை மாட்டினார். சுதா கையை விட்டுப் போகிறாள் என்று நான் குறுக்கே பாய்ந்தேன்.

"வெரதமே இல்லீங்க மாமா! இது டீங்க!"

நம்பவில்லை. கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனேன். தன் வெள்ளைத் துண்டின் நுனியை அவரே பீப்பாயில் முக்கிப் பார்த்தார். அது கண்முன்னே கறுத்தது.

"இதையா இத்தன காலமா காலங்காத்தால குடிக்கிறோம்?" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, இரண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிட்டார்.

கல்யாணம் தையில் நடந்தது. அந்த வேட்டியை மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் கார்த்திகை பிறந்தால் அதைத்தான் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார். சாயம் கொஞ்சமும் போகவில்லை. கூட வருகிறவர்களிடமெல்லாம் அது யாருடைய வேட்டி, எதற்குக் கட்டியது என்று கதையையும் சொல்லிவிடுகிறார்.

வீட்டில் கோழி சமைத்தால் சுதா முதல் துண்டை என் தட்டில்தான் வைப்பாள். வைத்துவிட்டு, "சாமி சரணம்" என்பாள்.