சிறுத்தையார் நடத்திய வெல்டிங் வகுப்பு

ஒரு காட்டில் இரண்டு வருடம் மழை பொய்த்து, மேயப் புல்லும் இல்லை, செய்ய வேலையும் இல்லை என்று ஆனபோது, சிறுத்தையார் ஒருவர் தொழிற்பயிற்சி நிலையம் திறந்தார். 'வெல்டிங், இரும்பு வேலை. ஆறு மாதம். சாப்பாடு, தங்குமிடம் இலவசம். நூறு சதவீத வேலை உறுதி' என்று வாசலில் பலகை தொங்கியது.

பவுனு என்ற முயலும் வரிசையில் நின்றாள். வளையில் அவளுக்குக் கீழே ஏழு தங்கைகள். விண்ணப்பத்தில் பெயர், பிறந்த புதர் எல்லாம் கேட்டிருந்தார்கள். எடையும் கேட்டிருந்தார்கள்.

"எடை எதுக்கு சார்?"

"இன்சூரன்சுக்கு" என்றார் முதல்வர் சிறுத்தையார்.

சொல்லித் தந்தவர் மாரிச்சாமி என்ற கரடி. கிழங்கும் தேனும் தவிர வேறெதையும் தொடாதவர். முதல்வரின் மனசில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது.

பவுனுக்குத் தொழில் வரவே இல்லை. பொறி பறந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். பற்றவைக்கும் ராடு கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் கம்பியும் சேர்ந்து வரும்.

"ஏம்மா பவுனு, ரெண்டு இரும்பும் உருகி ஒண்ணாகணும். நீ மேலாக்க மெழுகி வச்சிருக்கே. தட்டினா கழண்டுடும்" என்பார் மாரிச்சாமி. தட்டுவார். கழன்றுவிடும்.

பக்கத்து மேஜையில் கதிரேசன் என்ற புள்ளிமான். அவன் வைத்த இணைப்பு மீன் செதில் மாதிரி வரிவரியாக இருக்கும். எல்லாப் பரீட்சையிலும் அவன்தான் முதல்.

செய்முறைத் தேர்வும் வந்தது. ஆளுக்கு ஒரு கூண்டு செய்ய வேண்டும். செய்தவரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவார்கள். மூன்று உதைக்கும் கூண்டு அசையாவிட்டால் தேர்ச்சி, உடனே வேலை.

முடிக்கிற நேரத்தில் கதிரேசனின் முன்னங்கால் சூடான கம்பியில் பட்டு வெந்துவிட்டது. "பவுனு, பின்பக்கம் ஒரே ஒரு கம்பி பாக்கி. கொஞ்சம் வச்சுக் குடு. பார்த்து வை!" என்று கெஞ்சினான். பவுனு பார்த்துத்தான் வைத்தாள்.

தேர்வு தொடங்கியது. பவுனு முதல் உதை விட்டதுமே அவளுடைய கூண்டு நாலு பக்கமும் சரிந்தது. "ஃபெயில்!" என்று உறுமினார் சிறுத்தையார். மாரிச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். மற்ற ஒன்பது பேரின் கூண்டும் அசையவில்லை. கதிரேசன் நோகும் காலோடு முன்கதவை மூன்று முறை உதைத்தான். முதல் வகுப்பு!

தங்கைகளிடம் என்ன சொல்வது என்று அழுதுகொண்டே பவுனு பின்வழியாகப் போனாள். அங்கே சமையற்கட்டில் நரி மிளகு அரைத்துக்கொண்டிருந்தது.

"ஒம்போது உருப்படிதான். ஒண்ணு ஃபெயிலாம். மசாலாவைக் குறைச்சுக்கோ" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

பவுனு திரும்பிக் கூண்டுகளிடம் ஓடினாள். எதைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. அத்தனையும் நல்ல வேலை. கடைசியாகக் கதிரேசனின் கூண்டுக்கு வந்தாள்.

"கதிரேசா, நான் வச்ச கம்பியை உதை! இவங்க நம்மளைச் சமைக்கப் போறாங்க!"

"பொறாமைல உளறாதே. உடைஞ்சா என் மார்க் போயிடும்" என்று அவன் கம்பியை உள்ளிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பவுனு அந்தக் கம்பியில் தொங்கினாள். அது கையோடு வந்துவிட்டது. கொம்பைப் பிடித்து அவனை வெளியே இழுத்தாள். உறுமல் கேட்கவே இருவரும் புதருக்குள் பாய்ந்து ஆற்றைத் தாண்டினார்கள். மற்ற எட்டுப் பேருக்கும் அன்று மாலையே வேலை முடிந்தது.

கரையேறியதும் பவுனு மூச்சு வாங்கியபடி, "தப்பிச்சோம்" என்றாள்.

"ஒன்னாலதான் என் முதல் வகுப்பு போச்சு" என்றான் கதிரேசன். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவே இல்லை.

முதல்வருக்கு மனு எழுதினான். 'சமையல் குறித்து வருவது வதந்தி. திறமைசாலிகளை இந்நிலையம் கைவிடாது' என்று பதில் வந்தது. அடுத்த மாதமே மறுதேர்வுக்குப் போனான். இந்த முறை எல்லாக் கம்பியையும் தானே வைத்தான்.

காட்டிலேயே முதலாவதாகத் தேறினான். வாசலில் அவன் படத்தை மாலையோடு மாட்டியிருக்கிறார்கள்.

நீதி: உயிரைக் காப்பாற்றியவரைக்கூட மன்னித்துவிடலாம், மார்க்கைக் குறைத்தவரை மன்னிக்கவே கூடாது.