வங்கிக் கோவையில் நான் மவுத்தான கதை

படித்த பெண்கள் முட்டாள்தனம் செய்தால் அதையும் ஒழுங்காகத்தான் செய்வார்கள். மூன்று பிரதி எடுத்து, ஓரத்தில் கையொப்பமிட்டு, திகதி போட்டு ஒப்படைப்பார்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

கல்முனைக்குடியில் கடற்கரையோரம் இருந்த எங்கள் வீட்டைச் சுனாமி அத்திவாரத்தோடு கொண்டுபோன பிறகு, எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தோம். நாளுக்கு நான்கு பேர் வருவார்கள். ஒருவர் பாய் தருவதாகச் சொல்வார், மற்றவர் சட்டி பானை, இன்னொருவர் வீடே தருவதாகச் சொல்வார். எல்லோரும் கேட்டது ஒரே சாமான்தான்: அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி. (சோறு வராத நாளிலும் கல்முனையில் போட்டோக் கொப்பி எடுக்க இடம் இருந்தது.) நான் ஆசிரியை என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது பொய், நானே போய்த் தலையைக் கொடுத்தேன். எல்லோருடைய கொப்பிகளையும் வாங்கி, அகர வரிசையில் அடுக்கி, என்னுடையதை மட்டும் மாதிரிக்கு முதலில் வைத்து, அதன் ஓரத்தில் 'உண்மைப் பிரதி' என்று அழகாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பேன். வந்தவர்கள் எந்த நிறுவனம் என்று கேட்க வாய் வரும். கேட்டால் கோபித்துக்கொண்டு பாயைத் தராமல் போய்விடுவார்களோ என்று வாயை மூடிக்கொள்வேன்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வாப்பாவின் பொறுப்பு. ஒருமுறை கொடுத்ததைக் கடல் எடுத்தால் அது கடலின் குற்றம் என்று வாப்பா இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. கடலுக்கு எட்டாத தூரத்தில் ஒரு துண்டு வளவு வாங்கி, இரண்டாவது தரமும் எனக்கு வீடு கட்டினார். அதற்காக நற்பிட்டிமுனைப் பக்கம் இருந்த தன் வயலை அரிசி ஆலைக்காரர் ஒருவருக்கு ஈடு வைத்தார். தவணைக்குள் மீட்காவிட்டால் வயல் ஆலைக்காரருக்கே சொந்தம் என்று நொத்தாரிசு முன்னால் எழுதிக் கையொப்பம் வைத்தார்.

"நீ வங்கியில கடன எடுத்து மீட்டுத் தாவன் மகள். நீ கவுமென்ட் டீச்சர்தானே, ஒனக்குத் தராம ஆருக்குக் குடுக்கப் போறான்" என்றார் வாப்பா.

நானும் ஓம் என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன 'ஓம்'களில் அதுதான் பெரியது.

புது வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது. நான் வாங்கிய ட்ரெக்டருக்கு ஐந்து தவணை நிலுவையாம், உடனே கட்டவேண்டுமாம். நான் கால் வைத்தேயிராத ஓர் ஊரிலிருந்து ஒரு கடன் கம்பனி அனுப்பியிருந்தது. வேறு ஒருத்தி என்றால் அதைத் தூக்கிக்கொண்டு பொலிஸுக்குப் போயிருப்பாள். நான் அதை நான்காக மடித்து, பிள்ளையின் கிளினிக் கொப்பிக்குள் வைத்தேன். வாங்காத ட்ரெக்டருக்காக எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவேளை ஏதாவது படிவத்தில் தெரியாமல் ட்ரெக்டருக்கும் விண்ணப்பித்துவிட்டேனோ என்றும் யோசித்தேன்.

பிறகு ஒருநாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து வாசல் கடப்படியில் நின்று என் முழுப் பெயரையும் உரத்துச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் பிள்ளையோடு குளியலறைக்குள் போய்க் குந்திக்கொண்டேன். அவர்கள் போனதும் முதல் வேலையாக அயல் வீடுகளுக்குப் போனேன். அயல் என்றால் முக்கியமாக இரண்டு பேர், எங்களைப் போலவே பழைய ஒழுங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஒருவர் முன்வீட்டுச் சுபைதா மாமி. மாமியின் ஒரே மகள் நஸீரா சுனாமியில் போனவள், என்னோடு படித்தவள். அதன்பிறகு மாமி என்னைத்தான் மகள் என்பார், என் பிள்ளையை அவர்தான் பார்த்துக்கொள்வார். மற்றவர் மூலைக் கடை ஹனிபாக் காக்கா.

"வங்கி, கம்பனி எண்டு சொல்லி ஆரும் என்னைத் தேடி வந்தா, அப்பிடி ஒருத்தி இஞ்ச இல்ல எண்டு சொல்லிடுங்க" என்று இருவரிடமும் கெஞ்சினேன். இருவரும் காரணம் கேட்கவில்லை. காரணம் கேட்காமல் பொய் சொல்ல இரண்டு பேர் கிடைப்பது பெரிய பாக்கியம் என்று அன்று நினைத்தேன்.

ஈட்டுத் தவணை முடிய ஏழெட்டு மாதம் இருக்கும்போது வங்கிக்குப் போய் விண்ணப்பித்தேன். முகாமையாளர் நல்ல மனிதர். கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"டீச்சர், உங்களுக்கு ஏற்கெனவே ஒரு ட்ரெக்டர் இரிக்கே."

"எனக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது சேர்."

"அதுக்குப் பணமும் கட்டல்ல. நீங்க கறுப்புப் பட்டியல்ல இரிக்கிறீங்க."

கிளினிக் கொப்பி அன்றுதான் வாய் திறந்தது. என் கணவருக்கும் வாப்பாவுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் மருந்துக் கடையில் வேலை செய்பவர், அதிகம் கதைக்காதவர். "ஒரு வருசமாக் கடிதம் புள்ளைட ஊசிக் கணக்கோட இருந்திரிக்கு" என்று மட்டும் சொன்னார். வாப்பா எழுந்து வயலைப் பார்த்துவிட்டு வரப் போனார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். ட்ரெக்டர் விண்ணப்பத்தின் பிரதியை வரவழைத்துப் பார்த்தோம். என் அட்டையின் கொப்பி, ஓரத்தில் என் கையெழுத்திலேயே 'உண்மைப் பிரதி', கீழே நான் போட்ட திகதி. யாரோ ஒருத்தி நானாகப் போய் உட்கார்ந்து மற்ற இடங்களில் கையொப்பம் வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், அது என்னுடையதைவிட உறுதியாக இருந்தது.

அந்த யுத்த நாட்களில் சந்திச் சோதனைச் சாவடியில் நான் தினமும் அட்டையைக் காட்டித்தான் பாடசாலைக்குப் போவேன். துவக்கு வைத்திருந்த காவலர் அட்டையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, நான்தான் நான் என்று ஒப்புக்கொண்டு போகவிடுவார். பேனா வைத்திருந்தவர்கள்தான் ஒப்புக்கொள்ள மறுத்தார்கள்.

பல கடிதங்களுக்குப் பிறகு முகாமையாளர் ஒரு வழி சொன்னார்.

"எங்கட உத்தியோகத்தர் ஒரு நாள் உங்கட பக்கம் வருவார். எப்ப எண்டு சொல்லமாட்டம். நீங்க யார், எவ்வளவு காலமா இரிக்கிறீங்க, ட்ரெக்டர் இரிக்கா எண்டு அயல்ல விசாரிப்பார். அந்த அறிக்கை நல்லா வந்தாப் பட்டியல்ல இருந்து பேர எடுத்துடலாம். கடனும் தவணைக்கு முன்ன கிடைக்கும்."

நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அயலில் விசாரிப்பார். அயல் என்றால் சுபைதா மாமியும் ஹனிபாக் காக்காவும்.

இனி நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. அன்று பின்னேரமே மாமியிடம் போய், "இனி வங்கியால வந்தா உண்மையச் சொல்லுங்க" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. போனேன். மாமி தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்தேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது: விசாரணைக்கு முன்னால் சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சரியா? பத்தாம் வகுப்புக்குக் குடியியல் படிப்பிக்கிறவள் நான். உத்தியோகத்தர், "டீச்சர் உங்களுக்கிட்ட ஏதும் சொல்லி வச்சாவா" என்று கேட்டு, மாமி ஓம் என்றுவிட்டால்? தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பொய் சொல்லச் சொல்லிக்கொடுத்தபோது வராத மனச்சாட்சி, உண்மை சொல்லச் சொல்லிக்கொடுக்கப் போனபோது வந்து நின்றது.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒருநாள் பாடசாலை விட்டு வந்தேன். சுபைதா மாமி என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடப்படியிலேயே நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"வந்தான் மகள். பாண்டிருப்புப் பொடியன் போல, கழுத்தில அடையாள அட்டையெல்லாம் போட்டு. நல்லாச் சொல்லி அனுப்பியிரிக்கன். இனி இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்கமாட்டான்."

"என்ன சொன்னீங்க மாமி?"

"முதல்ல ஹனிபாக்கிட்டக் கேட்டிரிக்கான். அவன் நீ சவூதிக்குப் போய் ரெண்டு வருசம் எண்டு சொல்லிட்டான். புத்தியில்லாதவன். சவூதிக்குப் போனா எப்ப வருவா எண்டு கேட்பானுகள்தானே. அதான் எனக்கிட்ட வந்து கேட்டான். சவூதிக்குப் போனது அவட ராத்தா, மூத்தவ, இவள் சுனாமியில மவுத்து எண்டு நான் சொன்னன்."

நான் கொப்பிப் பையை மதிலில் வைத்தேன்.

"நம்பினானா?"

"முதல்ல நம்பல்ல. எப்பிடி எண்டு கேட்டான். மாவரைக்க வச்சிருந்த அரிசிய எடுக்கத் திரும்பிப் போனவள் மகன், தண்ணி வந்து கதவோட சேத்து அடிச்சிட்டு, மூணாம் நாள்தான் எடுத்த, காப்ப வச்சித்தான் அடையாளம் கண்ட எண்டு சொன்னன். அழுதிட்டன். அவனும் கண்ணத் துடைச்சான். எழுதாம நிண்டான், நான்தான் எழுதுங்க மகன் எண்டு சொன்னன்."

அது நஸீராவின் கதை என்பது எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் விடுமுறை போட்டு, மாமியையும் காக்காவையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். முகாமையாளர் அறிக்கையை வாசித்தார். விண்ணப்பதாரர் சுனாமியில் காலமானவர். அவருடைய பெயரில் வேறொரு பெண் ஆசிரியையாகக் கடமையாற்றி வருவதாகச் சந்தேகம். ட்ரெக்டர் எடுத்தவளும் இவளாக இருக்கலாம்.

அதாவது, என்னைத் திருடியவள் நான்தான்.

"இவதான் டீச்சர், நான் பாத்து வளந்தவ" என்றார் காக்கா.

"நீங்க சவூதியில எண்டு சொன்னீங்களே?"

"அது சேர், பயத்தில சொன்ன."

முகாமையாளர் மாமியின் பக்கம் திரும்பினார். "நீங்களும் பொய்தான் சொன்னீங்களா உம்மா?"

மாமி முக்காட்டை இழுத்துவிட்டார்.

"நான் பொய் சொல்லல்ல மகன். அது என்ட மகள்ட கதை. பேர மட்டும்தான் மாத்திச் சொன்ன."

முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மாமிக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு, என்னைப் பார்க்காமல், "அறிக்கை கொழும்புக்குப் போயிட்டு டீச்சர். நீங்க உயிரோட இரிக்கிறதுக்கு ஓர் அத்தாட்சி கொண்டு வாங்க" என்றார்.

கிராம சேவகரிடம் போனேன். அவர் கதையைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார், பிறகு மறுபடியும் சிரித்தார்.

"மவுத்தானதுக்கு எண்டா விபரம் எழுதித் தரலாம். ஹயாத்தோட இரிக்கிறதுக்குப் பென்சன்காரருக்குத்தான் படிவம் இரிக்கு. அதுக்கு நீங்க இன்னும் முப்பது வருசம் பொறுக்கணும்."

கடைசியில் அந்தப் படிவத்திலேயே 'ஓய்வூதியர்' என்ற சொல்லைக் கோடிட்டு வெட்டி, மேலே 'ஆசிரியை' என்று எழுதி, முத்திரை குத்தித் தந்தார். பள்ளிவாசலில் ஒரு கடிதம், அதிபரிடம் ஒரு கடிதம், பொலிஸில் மறுபடி ஒரு வாக்குமூலம். ஒவ்வொன்றையும் மூன்று பிரதி எடுக்கச் சொன்னார்கள். போட்டோக் கொப்பிக் கடையில் நின்று, எடுத்த பிரதிகளை ஒவ்வொன்றாக எண்ணி, மேசைக்குக் கீழும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கொழும்பு அவசரப்படவில்லை. ஆலைக்காரரிடம் வாப்பா தவணை கேட்டுப் போனார். அவர் கெட்டவர் அல்ல, ஒரு மாதம் கூட்டிக் கொடுத்தார். அந்த மாதமும் முடிந்த கிழமையில்தான் யுத்தம் முடிந்ததாக அறிவித்தார்கள். சந்திச் சாவடியில் பாற்சோறு கொடுத்தார்கள். நான் வழக்கம்போல அட்டையை நீட்டினேன். "இண்டைக்கு வேணாம் டீச்சர், எல்லாம் முடிஞ்சிது" என்று சொல்லி ஒரு துண்டைக் கையில் வைத்தார் காவலுக்கு நின்றவர். அதைச் சாப்பிடுவதா, கொண்டுபோவதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாப்பா கதிரையில் இருந்தார். அன்று காலைதான் நொத்தாரிசிடம் போய் வயலை ஆலைக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பாற்சோற்றை வாங்கிப் பிள்ளைக்குப் பிய்த்து ஊட்டினார். "சாவடிக்காரங்கட அரிசி நல்ல அரிசிதான்" என்றார்.

பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது நான்கு மாதம் கழித்து. கடனாளியாகும் முழுத் தகுதியும் எனக்குத் திரும்பக் கிடைத்திருப்பதை மகிழ்ச்சியோடு அறிவித்திருந்தார்கள். ட்ரெக்டர் எடுத்தவள் யார் என்று இன்றுவரை தெரியாது. பாயோடு வந்த மனிதரின் முகமும் எனக்கு ஞாபகம் இல்லை. எங்கோ ஒரு வயல் வட்டையில் என் பெயரில் ஒரு ட்ரெக்டர் உழுதுகொண்டிருக்கும், வாப்பாவின் வயலை மாத்திரம் உழாமல்.

இப்போது வங்கிகள் எனக்குத் தாமாகவே தொலைபேசி எடுக்கின்றன. வீடு கட்ட வேண்டுமா, வாகனம் வேண்டுமா என்று கேட்கின்றன. என் பெயருக்கு அவ்வளவு மதிப்பாம். மகள் எடுத்தால், "உம்மா மவுத்து" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். பிறகு அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சுபைதா மாமிதான் முதலில் சிரிப்பார்.

கலியாண வீடுகளில் வாப்பாவுக்கு இது ஒரு கதை. புது மாப்பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் போதும், என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி வைத்துத் தொடங்கிவிடுவார். காக்காவின் சவூதி, மாமியின் கண்ணீர், பென்சன் படிவம் எல்லாம் வரும். முடிவு மட்டும் ஒருநாளும் மாறாது.

"வாப்பா மவுத்தானாப் புள்ளைக்கு வயல் வரும். அதுதான் உலக வழமை. என்ட மகள் மவுத்தாகி வாப்பாட வயலக் கொண்டுபோனவள்."

சபை சிரிக்கும். நானும் சிரிப்பேன். என் முகம் கொஞ்சம் வாடினாலும் அவர் அந்தக் கதையை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் அந்த வயலைப் பற்றிச் சிரிப்பில்லாமல் கதைப்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே எல்லோருக்கும் முதலே தொடங்கி, எல்லோரும் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நிற்பேன்.