என் முதுகுக்கு ஏற்ற கை

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்காரும்போதே இடுப்பில் ஒரு பிடி பிடித்தது. அதனால் அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். கடிதம் முடிவதற்குள் அது உண்மையாகிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து உன் அக்காவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப்போவதாகப் போனில் சொன்னாய். அத்தானுக்கு முதுகு போய்விட்டது, அக்காவைத் தூக்கி உட்காரவைக்க இனி ஆள் இல்லை என்று உன் காதில் ஓதியது யார் என்று எனக்குத் தெரியும். மாடிவீட்டுக்காரர். அந்த மனிதருக்கு வேறு வேலையே கிடையாது. நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர முயற்சி செய்யும்போதெல்லாம் சரியாக அந்த நேரம் பார்த்துப் படி இறங்கி வருவார். வந்து, "என்ன சார், இன்னும் சரியாகலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மேலே போய் உனக்குப் போன் போடுவார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

நீ வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் அது முடியாது.

உன் அக்காவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்ததிலிருந்து காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், இரவில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், நடுவில் நீ கேட்க விரும்பாத இடங்களுக்கும் அவளைத் தூக்குவது நான்தான். பார்சல் ஆபீசில் நான் காலமெல்லாம் மேற்பார்வையாளராக இருந்தவன். மேற்பார்வையாளர் என்றால் "முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்துகிறவர். நான் ஒரு பெட்டியைக்கூடத் தொட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு முதன்முதலாக நான் தூக்கிய சுமை உன் அக்கா. அவளோ பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சராக இருந்து ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஓடவிட்டவள். கால் போனாலும் அதிகாரம் போகவில்லை. அந்தப் பழைய விசிலை இன்னும் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். ஒரு விசில் என்றால் தண்ணீர், இரண்டு என்றால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், நீளமாக ஊதினால் அவசரம். போன மாதம் நீ அனுப்பிய நர்ஸ் அவளைப் "பாப்பா" என்று கூப்பிட்டாள். உன் அக்கா விசிலை ஊதி அந்தப் பெண்ணை லெப்ட், ரைட் போட்டு வாசல்வரை அனுப்பிவைத்தாள். ஆகவே நான்தான், என் முதுகுதான்.

அந்த முதுகு மூன்று மாதமாகக் கீழே இடப்பக்கம் கட்டிக்கொண்டு கிடக்கிறது. மருந்துக்கடைக்காரர் தேய்க்கத் தந்த களிம்பு தீர்ந்ததும், "இதுக்கு மசாஜ்தான் சார், ஆனா சரியான மசாஜா பாத்துப் பண்ணணும்," என்றார். எது சரியானது என்று கேட்டேன். அது எனக்குத் தெரியாது சார் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

முதலில் எண்ணெய் மசாஜ். கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட இடம். உள்ளே இருட்டு, எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். குழாய் ஒழுகுகிறது என்று நல்லெண்ணத்தில் சொன்னேன். அது பாட்டுதான் சார் என்றாள் அங்கிருந்த பெண். மென்மையா, நடுத்தரமா, அழுத்தமா என்று கேட்டாள். முதல் நாள் எதற்கு வம்பு என்று மென்மை என்றேன். முதுகில் எண்ணெய் ஊற்றி இரண்டு தடவை வருடினாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தூங்கிவிட்டேன். உன் அக்கா விழுந்ததிலிருந்து நான் அப்படித் தூங்கியதே இல்லை. நேரம் முடிந்தது என்று அவள் ஒரு சின்ன மணியை அடித்தாள் பார், விசில் என்று நினைத்து "வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று அலறிக்கொண்டு எழுந்து, எண்ணெய் உடம்போடு வழுக்கி, அந்தத் திரைச்சீலையையும் இழுத்துக்கொண்டு வெளியே காத்திருந்தவர்கள் மத்தியில் போய் நின்றேன். உடம்பில் துண்டு இருந்தது, கடவுள் புண்ணியம். வலி அப்படியே இருந்தது. கூடுதலாக முட்டியும் வீங்கியது.

மென்மை சரிப்படாது என்று தெரிந்ததும் அழுத்தத்துக்குப் போனேன். கால்பந்து ஆட்டக்காரர்களுக்குப் பிடித்துவிடுகிறவராம். ஆழத்தில் இருக்கும் தசையைத் தொடுவேன் என்றார். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். முழங்கையை என் இடுப்பில் ஊன்றி முழு உடம்பையும் அதன்மேல் வைத்தார். "வலிக்குதா?" என்றார். "வலிக்குது!" என்றேன். "அப்ப சரியான இடம்தான்," என்று இன்னும் ஊன்றினார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?" என்றார். "வலிக்கலை, வலிக்கலை," என்று பொய் சொன்னேன். "அப்ப மரத்துப் போயிருக்கு, இன்னும் அழுத்தணும்," என்றார். எந்தப் பதிலைச் சொன்னாலும் அந்த மனிதரிடமிருந்து தப்ப வழியில்லை. வீட்டுக்கு வந்தபோது முதுகு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அன்றைக்கு உன் அக்காவை என்னால் நாற்காலியிலிருந்து எடுக்க முடியவில்லை. அவள் நாற்காலியிலேயே தூங்கினாள். நான் பக்கத்தில் தரையில் படுத்திருந்தேன். "கட்டில் சும்மாதானே கிடக்கு, நீங்களாவது போய்ப் படுங்களேன்," என்றாள். படுக்க மனம் வரவில்லை. இதை உனக்கு எந்த ஒற்றனும் சொல்லியிருக்க மாட்டான்.

பிறகு கால் அமுக்குகிற ஒருவர். உடம்பில் உள்ள எல்லா உறுப்புக்கும் காலில் ஓர் இடம் உண்டு என்றார். "உங்க முதுகு எங்க இருக்கு தெரியுமா சார்? உள்ளங்கால் ஓரத்துல." இத்தனை வருஷம் அதன்மேலா நடந்துகொண்டிருந்தேன், வலிக்காமல் என்ன செய்யும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிப்புக்கும் காலில் ஓர் இடம் இருந்தால் அமுக்கிவிட்டிருப்பேன். அதற்கும் பிறகு கைகாலை முறுக்கி இழுக்கிற மசாஜ். அதில் ஒரு குள்ளமான அம்மா மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முதுகில் ஏறி நடந்தார். ஒரு பெண்ணைத் தூக்கித்தானே எனக்கு இந்தக் கதி, இப்போது இன்னொரு பெண்ணை முதுகில் ஏற்றி நடக்கவிட்டிருக்கிறேனே என்று குப்புறக் கிடந்தபடி யோசித்தேன். சூடான கல்லை வரிசையாக அடுக்குகிற இடத்துக்கும் போனேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சுட்டது.

இதற்கு நடுவே வீட்டில் ஒரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் உன் அக்கா என்னைக் கூப்பிட்டு அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்காரச் சொல்வாள். முதுகைக் காட்டச் சொல்லி, நல்லபடி இருக்கிற அந்த இடக்கையால் தேய்த்துவிடுவாள். குனிய முடியாததால் அந்தக் கை தோள்பட்டை வரைதான் எட்டும். எனக்கு வலி இடுப்பில். "இங்கதானே?" என்பாள். "அங்கேதான், அங்கேயேதான்," என்பேன். இதை அவளிடம் சொல்லிவிடாதே.

கடைசியில் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் போனேன். சின்ன வயசு, சிரித்த முகம். நான் போன மசாஜ்களையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, இதில் எது சரி, எது தப்பு, இனி எது என்று கேட்டேன். அவள் அதையெல்லாம் விட்டுவிட்டு, "வீட்டுல எப்படித் தூக்குறீங்க, காட்டுங்க," என்று ஒரு மணல் மூட்டையை நாற்காலியில் வைத்தாள். "ஒண்ணு, ரெண்டு," என்று சொல்லித் தூக்கினேன். "மூணு எங்கே?" என்றாள்.

மாப்பிள்ளை, அங்கேதான் எனக்கு உறைத்தது. பார்சல் ஆபீசில் ஒன்று என்றால் பிடி, இரண்டு என்றால் தூக்கு, மூன்று என்றால் வண்டியில் வை. என் காதுக்கு அதுதான் கணக்கு. உன் அக்காவின் மைதானத்தில் ஒன்றும் இரண்டும் தயாராவதற்கு, மூன்றில்தான் ஓட்டம். தினமும் அவள் எண்ணுவாள். நான் இரண்டில் தூக்குவேன், அவள் அப்போது மூட்டையாகக் கனப்பாள். மூன்றில் அவள் நல்ல காலை ஊன்றி உந்துவாள், அது என்னைப் பின்பக்கம் தள்ளும். அவள் கால் பலவீனம், அதுதான் தாமதமாக உந்துகிறாள், பாவம், சொல்லிக்காட்டக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் அவளும், "என் கால்தான் லேட்டா வேலை செய்யுது, உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்," என்கிறாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, ஒருவர்மேல் ஒருவர் இரக்கப்பட்டே என் முதுகை ஒடித்திருக்கிறோம்.

இனிமேல் மூன்றில் தூக்குவது என்று பேசி முடித்துவிட்டோம். இன்று காலை அப்படித்தான் தூக்கினேன். பூப்போல வந்தாள். எந்த மசாஜும் தேவையில்லை, எந்த இல்லமும் தேவையில்லை. அவளை அங்கே விட்டுவிட்டு இந்த வீட்டில் விசில் சத்தம் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார். வண்டியைத் திருப்பி அனுப்பு. மாடிவீட்டு ஒற்றரிடம் இனி என் முதுகைப் பற்றி விசாரிக்காதே.

நாங்கள் இருவரும் சௌக்கியம். தள்ளி வைத்த வரியை இதோ எழுதிவிட்டேன். உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நிமிர்ந்த முதுகோடு நீண்ட நாள் வாழ வேண்டும். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. அக்கா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், முடி வெட்டிக்கொள்ளவும் சொன்னாள்.

இப்படிக்கு,
பூரண குணமடைந்த உன் அத்தான்

பின்குறிப்பு: இந்தக் கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. எழுதுவது மாடிவீட்டுக்காரர். நான் தரையில் மல்லாந்து படுத்தபடி சொல்கிறேன். கடிதத்தை மடிக்கும்போது பேனா மூடி விழுந்தது, குனிந்தேன், அப்புறம் நிமிரவில்லை. உன் அக்கா நீளமாக விசில் ஊதினாள். மூச்சு விடாமல் ஊதினாள். இவர்தான் ஓடிவந்தார். (முழுக் கடிதத்தையும் படித்துவிட்டேன். நான் ஒற்றன் இல்லை, தம்பி. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பார்க்கப் பொறுக்கவில்லை, அதனால்தான் போன் செய்தேன். — மா.வீ.) அவர் சொன்னது இருக்கட்டும். அந்த பிசியோதெரபிப் பெண் சொன்ன இன்னொரு வரியை நான் மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். "எந்த மசாஜ் வேணும்னாலும் பண்ணிக்குங்க சார், ஆனா இனி நீங்க யாரையும் தூக்கக் கூடாது," என்றாள். எண்ணிக்கையைச் சரிசெய்தால் போதாதா என்று கேட்டேன். போதாது என்று தலையாட்டினாள். உன் அக்காவுக்கு இப்போதுதான் சொன்னேன். "உங்களுக்கு வலி இடுப்புலன்னு எனக்குத் தெரியும், என் கை எட்டலை, அதான் தோள்லயே தேய்ச்சேன்," என்றாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வா. அந்த இல்லத்தில் இரண்டு கட்டில் பக்கத்தில் பக்கத்தில் போடுகிற அறை கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வா. கிடைக்காவிட்டால் வேறு இல்லம் பார். உன் அக்காவைத் தூக்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவை: அவள் எண்ணுவாள், மூன்றில்தான் தூக்க வேண்டும்.